பதம் தப்பிய நீலம்: தாராவிப் பட்டறையில் 120 கொலு பொம்மைகளும் ஓர் ஏர்பிரஷ்ஷும்

பின்னணி

மும்பை தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் சந்து ஒன்றில், பத்துக்குப் பன்னிரண்டடி அறையும் மேலே ஒரு பரணுமாக இருக்கிறது அந்தப் பெயின்ட் பட்டறை. உரிமையாளர் ஐம்பதை எட்டப்போகிறவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரும்பு பீரோ, பைக் டேங்க், கடைப் பலகை என்று இருபது வருடத்துக்கு மேல் பெரிய ஸ்ப்ரே கன்னில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் பி.யூ.வும் (பாலியூரித்தேன் பெயின்ட்) அடித்த கை. கூட இருப்பவர் அவருடைய அக்கா மகன், வயது 22. பிரஷ் வேலை நன்றாக வரும். பேனா அளவிலான சின்ன ஸ்ப்ரே கன்னான ஏர்பிரஷ்ஷை அந்த வருடம்தான் கையில் எடுத்திருந்தார்.

ஜூலை முதல் வாரத்தில் ஓர் ஆர்டர் வந்தது. மாதுங்காவில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை விற்கும் ஒருவர், வெள்ளை மட்டும் பூசிய காகிதக்கூழ் பொம்மைகளைப் பண்ருட்டியிலிருந்து வரவழைத்திருந்தார். தசாவதார செட் 12. ஆக 120 பொம்மை, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரம். வழக்கமான பொம்மை வண்ணம் வேண்டாம். கன்னத்திலும் தோளிலும் மார்பிலும் நிழல் விழுந்த மாதிரி, பிரஷ் தடம் தெரியாமல் வேண்டும் என்று கேட்டிருந்தார். நவராத்திரிக்குப் பதினைந்து நாள் முன்பு சரக்கு கைக்கு வர வேண்டும். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தாயிற்று. பட்டறையில் அதற்கு முன் ஒரு பொம்மைகூட அடித்ததில்லை.

கருவி, மேலே கப் வைத்த டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ்; பெயின்ட் வெளிவரும் முனையான நாசிலின் துளை 0.3 மி.மீ. லீவரை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். கம்ப்ரசர் சின்னது, அடியில் 3 லிட்டர் டேங்க்; காற்றழுத்தம் 4 பாரில் தானே நிற்கும், 3-க்கு இறங்கினால் தானே ஓடும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பும் கம்ப்ரசர் தலையிலேயே இருந்தன. அங்கிருந்து கன் வரை ஆறடி ஹோஸ். பெயின்ட், ஓவியம் வரைகிறவர்கள் வாங்கும் ட்யூப் அக்ரிலிக். கரைக்கக் குழாய்த் தண்ணீர். இந்தக் கடைசி இரண்டும்தான் பாதிப் பிரச்சினை; மீதிப் பாதி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

முதல் நான்கு நாள்

முதலில் எடுத்தது நீலம். ராமர், கிருஷ்ணர் என்று இரண்டு மூன்று செட்டிலிருந்து 8 பொம்மைகளைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ட்யூபிலிருந்து ஒரு பங்கு பெயின்ட், அதற்கு நான்கு பங்கு தண்ணீர். கப்பிலேயே ஊற்றி, நாசிலைத் திறந்து மூடும் ஊசியான நீடிலைச் சுற்றிப் பல்குச்சியால் கலக்கினார்கள். அழுத்தம் 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). பெரிய கன்னுக்கு 40, 45 வைத்துப் பழகிய மாமாவுக்கு இதுவே குறைவாகத் தெரிந்தது.

கண்டவை இவை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பெயின்ட் வருவது நின்றது. லீவரை மேலும் இழுத்தால் திடீரென்று ஒரு சொட்டு தெறித்தது. முன்மூடியைக் கழற்றிப் பார்த்தால் நீடில் நுனியைச் சுற்றி நீலத்தில் கடுகளவுக் கிரீடம். நகத்தால் உரித்தால் ரப்பர் மாதிரி வந்தது. பக்கத்தில் வைத்து அடித்தால் ஈர நீலம் காற்றில் தள்ளப்பட்டுச் சிலந்திக்கால் மாதிரி நாலாபுறமும் ஓடியது. தள்ளிப் பிடித்தால் மேல்பரப்பு மணல்தாளாகச் சொரசொரத்தது. அரை மணி, முக்கால் மணி அடித்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: நிறமே இல்லாத பெரிய சொட்டு ஒன்று வந்து விழுந்து, அடித்த நிழலைக் கழுவிவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை காய்ந்த பொம்மையை எடுத்தவரின் கட்டைவிரலில் நீலம் ஒட்டியிருந்தது. சாக்பீஸைத் தொட்ட மாதிரி.

பலராமருக்கும் கல்கியின் குதிரைக்கும் வெள்ளை போட்டுப் பார்த்ததில் அடைப்பு இன்னும் மோசம். நான்கு நாளில் எழுந்த எல்லாக் கோளாறுக்கும் பட்டறையில் ஒரே விளக்கம்தான்: கன் சரியில்லை.

ஐந்தாம், ஆறாம் நாள்

“தண்ணில கரைச்சா இப்படித்தாம்ல அடைக்கும். தின்னர ஊத்து, பாரு எப்படி வருதுன்னு” என்றார் உரிமையாளர். மருமகன் தயங்கினார்: “மாமா, இது வாட்டர் பேஸு…” ஆனாலும் ஊற்றியாயிற்று. என்.சி. தின்னர் விழுந்த கணத்தில் கப்பில் இருந்த நீலம் திரிந்த பால் ஆனது. மேலே தெளிந்த திரவம், அடியில் நூல் நூலாக இழுபடும் பசை. அது நாசிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நடந்தது எளிய ரசாயனம். தண்ணீர் அடிப்படை அக்ரிலிக்கில் பிசின், கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. தின்னரில் உள்ள டொலுயினும் எஸ்டர்களும் அந்தத் துளிகளை ஊதவைத்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மிதவை குலைந்தால் திரும்பச் சேராது. பாலில் எலுமிச்சை பிழிந்த கதை.

கன்னைச் சுத்தம் செய்ய, முழுதாக அதே தின்னரில் இரவெல்லாம் ஊறப்போட்டார்கள். நீடிலைச் சுற்றியிருந்த டெஃப்லான் வளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வில் இருந்த ரப்பர் ஓ-ரிங்குகள் உப்பிவிட்டன. திரும்ப மாட்டும்போது நீடிலை நாசிலுக்குள் அழுத்திக் குத்தியதில் நுனி தூண்டில் முள்ளாக வளைந்தது. உள்ளங்கையில் நுனியை இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கீறியது.

ஆறாம் நாள், விரலில் ஒட்டும் நீலத்தைக் கட்டிப்போட 6 பொம்மைகளுக்கு மேலே நிறமில்லாத என்.சி. கிளியர் அடித்தார் உரிமையாளர். இது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை, பெரிய கன்னில். வெளியே மழை. ஐந்து நிமிடத்தில் பொம்மைகளின் மேல் பால்போல் வெளுப்பு படர்ந்தது. இரண்டில் அடியில் இருந்த நீலம் தோலுரிந்து சுருங்கியது.

வெளுப்புக்குக் காரணம் ஈரப்பதம். மும்பையில் ஜூலை மாதத்தில் 29 டிகிரி வெயிலும் 85 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்று 26 டிகிரி அளவில் பனிக்கத் தொடங்கிவிடும். என்.சி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பை அதைவிட அதிகமாகவே குளிரவைக்கிறது. காற்றில் உள்ள தண்ணீர் ஈரப்பூச்சில் படிந்து, பிசினை வெளுக்கவைக்கிறது. பீரோ வேலையில் இதற்கு மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னர் சேர்ப்பது உரிமையாளருக்குத் தெரியும். பொம்மைதானே என்று விட்டுவிட்டார். ரிட்டார்டர் சேர்த்திருந்தாலும் அடிநீலம் சுருங்குவது நின்றிருக்காது. மெதுவாகக் காயும் தின்னர், அக்ரிலிக்கை இன்னும் அதிக நேரம் கடிக்கும்.

நிறுத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தது

ஏழாம் நாள் செம்பூரில் கட்டட மாதிரிகளுக்கு வண்ணம் அடிக்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பெயின்ட்டைத் தொடவே இல்லை. “அண்ணாச்சி, மொதல்ல கன்ன சும்மா ஊத விடுங்க” என்றார்.

அன்று எடுத்த முடிவு: பொம்மை மேல் இனி எதுவும் அடிப்பதில்லை, காற்று, கன், பெயின்ட், அடித்தளம் நான்கையும் தனித்தனியாகச் சோதிப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இந்த ஆய்வில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க இடம் இதுதான் என்பதால் விரிவாக.

கப் காலி. புது நீடிலும் ஓ-ரிங்குகளும் போட்டு, வெறும் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஊதினார்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. கம்ப்ரசர் சூடேறிய பிறகு, கண்ணாடியில் நீர்ப்புள்ளிகள். ஆக நிறமில்லாத சொட்டு பெயின்ட்டிலிருந்து வரவில்லை.

அடுத்து கப்பில் சுத்தமான தண்ணீர். நீலச் சாயம் ஒரு துளி கலந்து வெள்ளைக் காகிதத்தில் கோடு இழுத்தார்கள். புது நீடிலில் கோடு நேராக வந்தது. வளைந்த பழைய நீடிலில் ஒருபுறம் சாய்ந்தது. கப்பில் குமிழி வரவில்லை, ஆகவே நாசில் விரிசல் விடவில்லை. கன் ஒழுங்காகத்தான் இருந்தது. பழியெல்லாம் சுமந்தது அதுதான்.

பிறகு பழைய கலவையை, பெண்கள் காலுறை நைலான் துண்டில் வடிகட்டினார்கள். வடியில் நின்றது ஒரு சிட்டிகை நீலத் துணுக்கு. கூடவே சளிபோல் இழுபடும் நூல். ட்யூப் அக்ரிலிக்கில் பெயின்ட் பிரஷ் தடத்தைத் தாங்கி நிற்பதற்காகக் கெட்டியூட்டி சேர்த்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றிப் பல்குச்சியால் கலக்கினால் அது முழுதாகப் பிரியாது. 0.3 மி.மீ. துளையில் ஊசி வேறு நடுவே நிற்கிறது; பெயின்ட்டுக்கு மிஞ்சுவது தலைமுடி கனம்கூட இல்லாத வளையம்.

கடைசியாக அடித்தளம். வெள்ளை பூசிய பொம்மையின் அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். இரண்டு விநாடியில் காணோம். சாக்குத்தூளில் பூசிய வெள்ளை, மையொற்றுத்தாள் மாதிரி உறிஞ்சுகிறது. நான்கு பங்கு தண்ணீரில் ஏற்கெனவே நீர்த்துப்போன பிசின், தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. நிறத்தூள் மட்டும் மேலே நின்றது. விரலில் வந்த நீலம் அதுதான்.

நான்கு கோளாறு, நான்கு காரணம். 35 பி.எஸ்.ஐ. எல்லாவற்றையும் மோசமாக்கிக்கொண்டிருந்தது: அழுத்தம் கூடினால் துளி சிறுத்து வழியிலேயே காயும், நுனியிலும் சீக்கிரம் காயும், பக்கத்தில் பிடித்தால் ஈரத்தைத் தள்ளிச் சிலந்திக்கால் போடும்.

எந்தப் பெயின்ட், ஏன்

எனாமல் மிக நன்றாகப் பரவும்; நுனியில் காயாது. ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது அது. மழைக்காலத்தில் ஒரு கோட்டுக்கு ஒரு நாளாவது போகும். ஒரு பொம்மைக்கு ஐந்து நிறம் என்றால் கணக்கு உதைக்கிறது. டர்பன்டைன் நெடியும் பரணில் தூங்குகிறவருக்கு ஆகாது. என்.சி. லாக்கர் என்ன செய்யும் என்பதைப் பார்த்தாயிற்று. பி.யூ. இரண்டு பாகம் கலப்பது. கலந்தால் குறித்த நேரத்துக்குள் அடித்தாக வேண்டும், கன்னில் மறந்தால் கன் போயிற்று. அதைவிட முக்கியம், அதன் ஹார்ட்னரில் (இறுகவைக்கும் பாகத்தில்) உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்தைச் சுவாசிப்பது நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுவிடக்கூடும். பத்தடி அறையில் அதை மணிக்கணக்கில் தூவுவதற்கு யாரும் ஒப்பக் கூடாது, இருபது வருடப் பழக்கம் இருந்தாலும்.

மிஞ்சியது தண்ணீர் அடிப்படை அக்ரிலிக். ஆனால் எல்லாவற்றையும் ஏர்பிரஷ்ஷில் அடிக்க வேண்டியதில்லை என்று முடிவானது. உடம்பின் அடிநிறம், வேட்டி, பீடம் எல்லாம் சுவருக்கு அடிக்கும் நல்ல ரக அக்ரிலிக் எமல்ஷன், பிரஷ்ஷில். நிழலுக்கு மட்டும் ஏர்பிரஷ்ஷுக்கென்றே வரும் குப்பி வண்ணம். இதில் நிறத்தூள் மிக நைசாக அரைபட்டிருக்கும், கெட்டியூட்டி குறைவு. 30 மி.லி. குப்பிக்குச் சில நூறு ரூபாய். ஒரு பொம்மைக்கு நிழலடிக்க ஒன்றரை மி.லி. கலவை போதும் என்பதால் மொத்தச் செலவு பயந்த அளவு இல்லை.

ஏற்கெனவே வாங்கிய ட்யூபுகளை என்ன செய்வது என்று பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நரசிம்மருக்கு வாங்கிய மஞ்சள் ட்யூபின் பின்புறம் நிறத்தூள் எண் பி.ஒய். 35. அது காட்மியம் மஞ்சள். சிவப்பில் பி.ஆர். 108 என்று இருந்தால் அதுவும் காட்மியம். பிரஷ்ஷால் தீட்டலாம், தூவக்கூடாது, நுரையீரலுக்குள் போகும். அந்த ட்யூப் நகை வேலைக்கு, பிரஷ்ஷுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மஞ்சளுக்கு பி.ஒய். 74 என்ற கரிம நிறத்தூள் உள்ள குப்பியை வாங்கினார்கள். லேபிளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இங்கே பெரும்பாலோருக்கு இல்லை.

தங்க நிறம் மைக்காச் செதில்; 0.3-ல் அடைக்கும். கிரீடமெல்லாம் பிரஷ்ஷில்தான்.

கரைசல்

தண்ணீர் பெயின்ட்டை ஓடவைக்கும், அவ்வளவுதான், ஒட்டவைக்காது. ஆகவே கரைக்கும் திரவத்திலேயே பிசின் இருக்க வேண்டும். 100 மி.லி.க்கு முதலில் போட்ட அளவு: ஆர்.ஓ. தண்ணீர் 60 மி.லி., நிறமில்லாத ஏர்பிரஷ் மீடியம் 30, ரிட்டார்டர் 8, ஃப்ளோ இம்ப்ரூவர் 2. மீடியம்தான் பிசின். ரிட்டார்டர் நுனியில் காய்வதைத் தள்ளிப்போடும். ஃப்ளோ இம்ப்ரூவர் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, முத்து முத்தாகத் திரளாமல் பரவச் செய்யும். குழாய்த் தண்ணீரை விட்டதற்குக் காரணம், அதில் கரைந்திருப்பது என்னவென்று சொல்ல முடியாது என்பதுதான்.

குப்பி வண்ணம் 10 சொட்டுக்கு இந்தக் கரைசல் 3 சொட்டு. சாதாரண நிழலுக்கு அது. கன்னக் குழியில் படிப்படியாக ஏற்றும் மென்னிழலுக்கு ஒன்றுக்கு ஒன்று, சில இடத்தில் ஒன்றுக்கு மூன்று. கரைசலில் பிசின் இருப்பதால் இவ்வளவு நீர்த்தும் விரலில் வரவில்லை. வேறு வழியில்லாமல் ட்யூப் நிறம் ஒன்றைப் பயன்படுத்தியபோது ஒன்றுக்கு இரண்டு, அதுவும் நைலானில் வடிகட்டி.

வரிசை முக்கியம். கலப்பது கன்னின் கப்பில் அல்ல, தனிக் கிண்ணத்தில். முதலில் கரைசல், பிறகு அதில் பெயின்ட். பெயின்ட்டின் மேல் கரைசலை ஊற்றினால் அடியில் கட்டி நின்றுவிடும். கேழ்வரகுக் கூழுக்கு மாவை எப்படிக் கரைக்கிறோமோ அப்படி. குப்பியை ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

பதம் பார்ப்பதற்குப் “பால் மாதிரி” என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பால்? எருமைப்பாலா, கடைசியில் தண்ணீர் கலந்த பாக்கெட்டா? பட்டறையில் பிடித்துக்கொண்ட அடையாளம் இது: கிண்ணத்தைச் சாய்த்து நிமிர்த்தினால் கலவை சுவரில் ஒரு மெல்லிய நிறப்படலத்தை விட்டு இறங்க வேண்டும், அந்தப் படலம் வழியாகக் கிண்ணத்தின் வெள்ளை மங்கலாகத் தெரிய வேண்டும். படலமே நிற்காமல் ஓடினால் நீர்த்துவிட்டது. வெள்ளை தெரியாமல் மூடினால் கெட்டி. பாகுக்குக் கம்பிப்பதம் பார்க்கிற கை இருந்தால் இரண்டாம் நாளே பிடிபடும். மருமகனுக்குப் பிடிபட்டது, மாமாவுக்குத் தின்னர் பதம் கையில் ஊறியிருந்ததால் கொஞ்சம் நாளாயிற்று.

அழுத்தம் 18 பி.எஸ்.ஐ., 5 முதல் 7 செ.மீ. தூரம். இதில் ஒரு நுணுக்கம்: லீவரை விட்டபடி முள் 18-ல் நின்றால் ஊதும்போது 13, 14-க்கு இறங்கிவிடும். காற்றை ஊதவிட்டபடியே ரெகுலேட்டரைத் திருக வேண்டும்.

காற்றில் தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்டர் டிராப் இருந்தும் தண்ணீர் ஏன் வந்தது?

30 டிகிரியில், 85 சதவீத ஈரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 26 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 4 பாருக்கு அமுக்கினால் அளவு ஐந்தில் ஒன்றாகிறது. அதே வெப்பத்துக்கு ஆறியதும் அவ்வளவு சிறிய இடம் தாங்குவது 6 கிராம்தான். மீதி 20 கிராம் தண்ணீராகியே தீரும். நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று செலவானால் ஒரு மணியில் 18 மி.லி. தண்ணீர்.

ஆனால் 3 லிட்டர் டேங்க்கில் காற்று ஆற நேரமில்லை. தொடர்ந்து ஓடும் கம்ப்ரசரிலிருந்து சூடாகவே கிளம்பி, டிராப்பை ஆவியாகக் கடந்து, ஹோஸில் போய்க் குளிர்ந்து அங்கே தண்ணீராகிறது. டிராப் இருந்த இடம் தப்பு. நாக்தேவி தெருவில் ஒரு சிறிய இன்லைன் டிராப் வாங்கிக் கன்னின் பிடிக்குக் கீழேயே மாட்டினார்கள். ஆறடி ஹோஸுக்குப் பதில் பதினைந்தடி, அதில் பாதி தண்ணீர் வாளிக்குள் சுருண்டு கிடக்கும். அரை மணிக்கு ஒருமுறை டிராப்பை அழுத்தி வடிப்பது, மாலையில் டேங்க்கின் அடித்திருகைத் திறப்பது. முதல் மாலை வடித்ததில் துருநிறத் தண்ணீர் கால் டம்ளர் வந்தது. வாங்கியதிலிருந்து யாரும் திறக்கவில்லை.

வேலை நடந்த விதம்

பன்னிரண்டாம் நாள் மறுபடி தொடங்கினார்கள். முதலில் எல்லாப் பொம்மைக்கும் மீடியம் ஒன்று, தண்ணீர் மூன்று என்று கலந்து பிரஷ்ஷால் ஒரு கை; காய்ந்தபின் சொட்டுச் சோதனை. தண்ணீர் முத்தாக நின்றால்தான் அடுத்தது. அதன்மேல் எமல்ஷன் அடிநிறம் இரண்டு கை.

நிழலடிக்கும்போது காற்றை முதலில் திறந்து, பிறகு பெயின்ட். முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் மூடி, பிறகு காற்று. இதை மாற்றிச் செய்தால் நுனியில் நிற்கும் சொட்டு அடுத்த தொடக்கத்தில் தெறிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கிளீனரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் நீடில் நுனியை ஒரு துடைப்பு. ஒரே நிறத்தை எல்லாப் பொம்மைக்கும் அடித்துவிட்டு, இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போனார்கள். நடுவில் கன் கழுவுவது குறைந்தது. முதலில் ஒரு பொம்மைக்கு 50 நிமிடத்துக்கு மேல் ஆனது 20 நிமிடத்துக்கு வந்தது.

எக்ஸாஸ்ட் ஃபேன் முன்னால் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு கூடு. முகத்தில் என்-95. தண்ணீர் அடிப்படைத் தூசுக்கு அது போதும். தின்னர் ஆவிக்கு அது எதற்கும் ஆகாது என்பதை உரிமையாளரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒட்டிக்கொண்ட செய்தித்தாள்

ஆகஸ்ட் நடுவில் இரண்டு செட், 20 பொம்மை, முடிந்ததென்று செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தார்கள். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது 9 பொம்மைகளின் தோளிலும் கன்னத்திலும் அச்செழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறிப் பதிந்திருந்தது. வாமனரின் நெற்றியில் நாமத்துக்குப் பக்கத்திலேயே ஏதோ நில விற்பனை விளம்பரம்.

அடித்த நிழல் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தது, உள்ளே பிசுபிசுப்பு. காரணம் ரிட்டார்டர். வறண்ட ஊரில் 8 சதவீதம் பொருந்தியிருக்கும். ஆனால் ரிட்டார்டர் என்பது மெல்ல ஆவியாகும் கிளைக்கால் வகைத் திரவம். ஈரக்காற்றில் தண்ணீரே போக மறுக்கும்போது அது எங்கே போகும். கரைசலில் ரிட்டார்டரை 3 மி.லி.க்குக் குறைத்துத் தண்ணீரை 65 ஆக்கினார்கள். நுனியில் காய்வது சற்றுக் கூடியது. பத்து நிமிடத் துடைப்பை ஏழாக்கிச் சமாளித்தார்கள். சுற்றுவதற்குச் செய்தித்தாள் போய் வெண்ணெய்த்தாள் வந்தது. அதுவும் அடித்து ஐந்து நாள் ஃபேன் காற்றில் நின்ற பிறகு.

மேல்பூச்சு, தண்ணீர் அடிப்படை மேட் வார்னிஷ், அகலப் பிரஷ்ஷில் மெல்லிதாக இரண்டு கை.

முடிவு

முதல் வாரத்தில் கெட்ட 8 பொம்மைகளில், கிளியர் படாத இரண்டை மீடியம் பூசி மீட்டார்கள். மற்ற ஆறைச் சுரண்டியதில் நான்கு தேறின; இரண்டில் வெள்ளையோடு காகிதக்கூழும் பெயர்ந்து வந்ததால் பட்டறைச் செலவில் பண்ருட்டியிலிருந்து வேறு வந்தன. அச்சு பதிந்த 9-க்கும் அடிநிறத்திலிருந்து மறுபடி. 11 செட் சொன்ன தேதிக்குப் போயின. ஒன்று எட்டு நாள் தாமதம், அதற்குக் கூலியில் கழிவு. நவராத்திரி முடிந்து விசாரித்ததில் நிறம் விரலில் வந்ததாகப் புகார் இல்லை. ஒரு கிருஷ்ணருக்குக் குழல் முறிந்திருந்தது. அது பெயின்ட் வேலை இல்லை.

மறுபடி செய்வதானால்

முன்பணம் வாங்குமுன் ஒரு பொம்மையைக் கேட்டு வாங்கி, சொட்டுச் சோதனையிலிருந்து வார்னிஷ் வரை முழுதாக முடித்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாள் சொல்ல வேண்டும். அடிநிறத்தையும் நிழலையும் ஏப்ரல், மே மாதத்தில் முடிக்க முடிந்தால் ஈரப்பதத் தொல்லை பாதி குறையும். ஆனால் பொம்மைக்காரர்கள் அப்போது வெள்ளைச் சரக்கு அனுப்புவதில்லை. கரைசல் குப்பியில் தேதியும் ரிட்டார்டர் அளவும் எழுதி ஒட்டுவது இப்போது நடக்கிறது. தின்னர் டின்கள் பரணுக்குப் போய்விட்டன, அக்ரிலிக் மேசைக்கு எட்டாத இடத்துக்கு.

வெள்ளைக்கு மட்டும் 0.3 ஒத்துவரவில்லை. டைட்டானியம் கனமான நிறத்தூள். மூட வேண்டுமென்றால் நிறையப் போட வேண்டும், நிறையப் போட்டால் அடைக்கும். வடிகட்டியும், கரைசலை 10-க்கு 5 ஆக்கியும், கல்கியின் குதிரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறையாவது நாசிலைக் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்த வருடத்துக்கு 0.5 நீடிலும் நாசிலும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.